எழும்பூரில் இறங்கி எங்கே போவது? ஒரு சுரங்க மெட்ரோ நிலையத்தின் கதையும் விழுப்புரம் பயணிகளின் கேள்வியும்

விழுப்புரத்துக்கு மெட்ரோ வருமா? வராது. மெட்ரோவுக்குக் குறைந்தது 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்று சொல்லி, கோவை, மதுரை திட்டங்களையே 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் நகரம் ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. திண்டிவனம் அதைவிடச் சின்னது. அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடலாம்.

ஆனால் மெட்ரோ நிலையம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் முக்கியம். சென்னைக்காரரைவிட அதிக முக்கியம் என்றுகூடச் சொல்லலாம். காரணம், 2025 மார்ச் 14 அன்று தாக்கலான தமிழக பட்ஜெட். சென்னை – செங்கல்பட்டு – திண்டிவனம் – விழுப்புரம் தடத்தில் 167 கி.மீ. நீளத்துக்கு, மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓடும் மித அதிவேக ரயிலுக்கு சாத்தியக்கூறு ஆய்வு நடத்தப்படும் என்று அதில் அறிவித்தார்கள். டெல்லி – மீரட் இடையே ஓடும் ‘நமோ பாரத்’ ரயில் மாதிரி. அறிவிப்பு வந்த அன்றே வாட்ஸ்அப் குரூப்களில் பேச்செல்லாம் வேகத்தைப் பற்றித்தான். நிறுத்தங்களைச் சேர்த்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் சென்னை என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்த ரயில் சென்னையில் எங்கே கொண்டுபோய் இறக்கிவிடும் என்ற கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. தினசரியோ வாரம் ஒருமுறையோ சென்னைக்குப் போய்வருபவர்களுக்குத் தெரியும், 160 கி.மீ. தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. இறங்கின பிறகு வரும் அந்தக் கடைசி அரை கிலோமீட்டர்தான் உயிரை வாங்கும். அந்த அரை கிலோமீட்டரை முடிவு செய்வது நிலையத்தின் வடிவமைப்பு. அதைப் புரிந்துகொள்ள, இப்போது நம் கண்முன் இருக்கும் எழும்பூர், சென்ட்ரல் சுரங்க மெட்ரோ நிலையங்களைப் பார்ப்போம்.

1908 கட்டடத்தின் பக்கத்தில் 2018 நிலையம்

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு மெட்ராஸ் என்றால் எழும்பூர்தான். மீட்டர்கேஜ் காலத்தில் தென்னிந்திய ரயில்வேயின் சென்னை வாசல் அது. ஹென்றி இர்வின் வடிவமைத்து, சாமிநாத பிள்ளை ஒப்பந்தம் எடுத்துக் கட்டிய அந்தச் செங்கல் கட்டடம் 1908 ஜூன் 11-ல் திறக்கப்பட்டது. விழுப்புரத்திலிருந்து 159 கி.மீ.

அந்த ரயில் நிலையத்தை ஒட்டி மெட்ரோ வந்தது 2018 மே 25-ல். நேரு பூங்கா – சென்ட்ரல் சுரங்கப் பாதை அன்று திறக்கப்பட்டபோது, நடுவில் எழும்பூரும் சேர்ந்துகொண்டது. இடையில் 110 ஆண்டுகள். அதுவரை எழும்பூரில் இறங்கியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினார்கள், அல்லது மின்சார ரயில் பிளாட்ஃபாரத்தைத் தேடி ஓடினார்கள். இன்றைக்கு அடுத்த நிலையம் சென்ட்ரல். எதிர்ப்பக்கம் ஏறினால் கோயம்பேடு, வடபழனி, ஆலந்தூர். கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் நேர்காணலுக்கு முதல் முறையாக சென்னை வரும் ஒரு செஞ்சிப் பெண்ணுக்கு, ‘யாரிடமும் வழி கேட்க வேண்டாம், பேரம் பேச வேண்டாம்’ என்பது சின்ன விஷயம் இல்லை.

சென்னை மெட்ரோ நிறுவனம் பதிவு செய்யப்பட்டது 2007 டிசம்பரில். மத்திய, மாநில அரசுகள் சரிபாதி பங்குதாரர்கள். கடனில் பெரும்பங்கு ஜப்பானின் ஜைக்கா கொடுத்தது. முதல் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள், 45 கி.மீ.; அதில் பாதிக்கு மேல் பூமிக்கு அடியில். முதல் ரயில் 2015 ஜூன் 29-ல் ஓடியது, ஆனால் கோயம்பேடு – ஆலந்தூர் உயர்மட்டப் பாதையில். சுரங்கத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது: திருமங்கலம் – நேரு பூங்கா, 2017 மே 14. அண்ணா சாலைக்கு அடியில் போகும் பகுதி முழுதாக முடிந்து வண்ணாரப்பேட்டை வரை ரயில் ஓடியது 2019 பிப்ரவரி 10-ல்.

உயர்மட்டம் சீக்கிரம் முடிந்ததற்கும் சுரங்கம் இழுத்ததற்கும் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. மண்.

சென்னையின் அடிவயிறு

வானூர், திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகளைப் பார்த்தவர்களுக்குக் கருநீலம் கலந்த கடினப் பாறை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் பரவலாகக் கிடைக்கும் சார்னோக்கைட் பாறையேதான் பரங்கிமலை, பல்லாவரம் பக்கமும் இருக்கிறது. கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்லைப் பயன்படுத்தியிருந்ததால் அந்தப் பெயரே வந்தது. சென்னையின் தென்மேற்கில் இந்தப் பாறை மேலே இருக்கும். கடலோரமாகவும் வடக்காகவும் போகப்போக மணல், களிமண், வண்டல். பிரச்சினை என்னவென்றால், சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஒரே பாதையில் இரண்டையும் சந்திக்கும். சில இடங்களில் வெட்டு முகத்தின் கீழ்ப்பாதி பாறை, மேல்பாதி மணல்.

இது ஏன் ஆபத்து? இந்த இயந்திரங்கள் வெட்டிய மண்ணையே முன்னறையில் தேக்கி, அதன் அழுத்தத்தால் எதிரில் இருக்கும் மண் சரியாமல் தாங்கிப்பிடிக்கும். கீழே பாறை மெதுவாக வெட்டுப்பட, மேலே மணல் சட்டென்று உதிர்ந்தால் கணக்கு தப்பிவிடும். வெட்டிய அளவைவிட அதிக மண் உள்ளே வந்துவிடும். அந்தக் காலியிடம் மெல்ல மேலே ஏறி ஒருநாள் ரோட்டில் திறந்துகொள்ளும்.

2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணா சாலையில் மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்துக்குள் இறங்கின படத்தை யாரும் மறந்திருக்க முடியாது. அடியில் மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்த இடம் அது. உயிர்ச்சேதம் இல்லை. மீம்ஸ் போட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டோம். ஆனால் இரண்டாம் கட்டத்தில் மயிலாப்பூர் போன்ற நெரிசலான, பழைய வீடுகள் நிறைந்த இடங்களுக்கு அடியில் இதே வேலை நடக்கும்போது, அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலிருந்து கீழே கட்டுவது

சுரங்கப் பாதையை இயந்திரம் தோண்டும். நிலையத்தை அப்படித் தோண்ட முடியாது. அது ஒரு பெரிய பெட்டி. சாலையைத் திறந்துதான் அதை உள்ளே வைக்க வேண்டும்.

உலகத்தின் முதல் சுரங்க ரயிலான லண்டன் மெட்ரோபாலிட்டன் ரயில்வே 1863 ஜனவரி 10-ல் ஓடியதும் இப்படித் தெருவை வெட்டி, சுவர் எழுப்பி, மேலே மூடிய பாதையில்தான். அதில் ஓடியது நீராவி என்ஜின் என்பது தனி வேடிக்கை. புகையை வெளியேற்றவே அங்கங்கே திறந்த வெளிகள் விட வேண்டியிருந்தது. இந்தியாவின் முதல் மெட்ரோவான கொல்கத்தாவிலும் 1984-க்கு முன் பல ஆண்டுகள் தெருக்கள் வெட்டிப்போட்டபடி கிடந்தன.

இன்றைய முறை கொஞ்சம் நாகரிகமானது. முதலில் நிலையத்தின் நான்கு பக்கமும் குறுகலான, ஆழமான பள்ளம் வெட்டுவார்கள். பள்ளம் சரியாமல் இருக்க, வெட்ட வெட்ட அதில் பென்டோனைட் என்ற களிமண் கரைசலை நிரப்புவார்கள். பிறகு கம்பிக் கூண்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றுவார்கள். கான்கிரீட் ஏற ஏற, கரைசல் மேலே வந்து வெளியேறும். இப்படிப் பலகை பலகையாக அமைவதுதான் டயாஃப்ரம் சுவர். ‘டி-வால்’ என்பார்கள் சைட்டில்.

அதற்குப் பிறகு இரண்டு வழி. முழுக்கத் தோண்டிவிட்டு, வீடு கட்டுவது போல அடித்தளத்திலிருந்து மேலே வரலாம். செலவு குறைவு, ஆனால் சாலை வருஷக்கணக்கில் போய்விடும். இன்னொன்று, கூரையை முதலில் போட்டுவிட்டு, அதற்குக் கீழே மண்ணை எடுத்துக்கொண்டே ஒவ்வொரு தளமாக இறங்குவது. கூரை போட்டதும் மேலே சாலையைத் திறந்துவிடலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலை மாதிரி, ஒரு நாள் மூடினாலே ஊர் ஸ்தம்பிக்கும் இடத்தில் எது நல்லது என்று சொல்லத் தேவையில்லை.

தோண்டுவதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. கட்டி முடித்த நிலையம் மிதக்கப் பார்க்கும். ஆமாம், கான்கிரீட் பெட்டிதான். ஆனால் உள்ளே பெரும்பாலும் காற்று. காலிக் குடத்தைக் கிணற்றில் அமுக்கிப் பாருங்கள், புரியும். உதாரணத்துக்கு 200 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள நிலையம், நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே 15 மீட்டர் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது விலக்கிய நீர் 60,000 கன மீட்டர். அதாவது 60,000 டன் விசை அதை மேலே தள்ளுகிறது. அதனால்தான் அடித்தளத்தைத் தேவைக்கு மேல் கனமாகப் போடுகிறார்கள். கீழே தூண்களை ஊன்றி, தாங்குவதற்காக இல்லாமல், இழுத்துப் பிடிப்பதற்காகக் கட்டுகிறார்கள். சென்னை மாதிரி, மழைக்குப் பிறகு சில மீட்டரிலேயே தண்ணீர் தட்டும் ஊரில் இந்தக் கணக்கில் விளையாட முடியாது.

சென்ட்ரல்: பெரிசு, ஆனால் நல்லதா?

எழும்பூரிலிருந்து ஒரே ஸ்டாப். சென்னை மெட்ரோ முதல் கட்டத்தின் மிகப் பெரிய சுரங்க நிலையம் இதுதான். ஆழம் சுமார் 28 மீட்டர். ஒன்பது மாடி வீட்டைத் தலைகீழாகப் புதைத்த மாதிரி. பரப்பு சுமார் 70,000 சதுர மீட்டர். பச்சை, நீலம் என இரண்டு வழித்தடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இங்கே சந்திக்கின்றன. மேலே சுற்றிப் பார்த்தால் 1873-ன் சென்ட்ரல் ரயில் நிலையம், விக்டோரியா பப்ளிக் ஹால், ரிப்பன் மாளிகை, பார்க் ஸ்டேஷன், அரசு பொது மருத்துவமனை. இவ்வளவு பழைய கட்டடங்களுக்கு நடுவில், எதையும் சாய்க்காமல் இவ்வளவு ஆழம் தோண்டினது உண்மையிலேயே பெரிய பொறியியல் சாதனை. அதில் கஞ்சத்தனம் இல்லாமல் பாராட்டலாம்.

ஆனால் முழங்கால் வலியுள்ள அம்மாவை ஜிஹெச்சுக்கு அழைத்துப் போகும் மயிலத்துக்காரர் அந்தச் சாதனையை எப்படி அளப்பார்? எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கி, நிலையத்துக்கு வெளியே வந்து, மெட்ரோ வாசலைக் கண்டுபிடித்து, பைகளை ஸ்கேனரில் போட்டு, கீழே இறங்கி, ஒரு நிலையம் போய், மறுபடி ஒன்பது மாடி உயரம் ஏறி, நீளமான சுரங்க நடைபாதையில் நடந்து, சரியான வாசலில் வெளியே வர வேண்டும். லிஃப்ட் உண்டு, எஸ்கலேட்டர் உண்டு. ஆனால் லிஃப்ட் ஒரு மூலையில், போக வேண்டிய வாசல் இன்னொரு மூலையில் என்றால், ‘பேசாம ஆட்டோல போயிருக்கலாம்’ என்றுதான் தோன்றும்.

பெரிய நிலையம் என்பது நீளமான நடை என்றும் அர்த்தம். வடிவமைப்பாளர்கள் வரைபடத்தில் ‘இணைப்பு’ என்று ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டை நடந்து பார்ப்பது பயணி. சென்னைக்கு இது புதிதல்ல. 1995-ல் கடற்கரை – சேப்பாக்கம் இடையே தொடங்கிய பறக்கும் ரயிலின் நிலையங்களைப் பாருங்கள். அரண்மனை அளவுக் கட்டடங்கள். உள்ளே ஆள் இல்லை, இருட்டு, வெளியே பஸ் ஸ்டாப் எங்கோ. இடம் இருந்தது, பணம் இருந்தது. மேலே ஏறி வருபவர் எங்கிருந்து வருகிறார், எங்கே போகப் போகிறார் என்ற யோசனை இல்லை.

மெட்ரோ அந்தத் தவறிலிருந்து நிறைய விலகி வந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. சுத்தம், வெளிச்சம், கழிப்பறை, பார்வையற்றோருக்கான தொட்டுணர் தரை, தமிழ் அறிவிப்பு, எல்லாம் இருக்கிறது. நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்பதில் அவர்களுக்கு இருக்கும் கவனம், வாசலுக்கு வெளியே பத்து மீட்டர் தள்ளி இல்லை. நமது குறை அவ்வளவுதான்.

கண்ணாடிக் கதவும் நான்கு நிமிடமும்

சுரங்க நடைமேடைகளில் தண்டவாளத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர் நிற்கும். ரயில் வந்த பிறகே அதன் கதவு திறக்கும். தற்கொலையையும் தவறி விழுவதையும் தடுக்கத்தான் என்று நினைப்போம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஏசி. ரயில் சுரங்கத்தில் ஓடும்போது, சிரிஞ்சில் பிஸ்டன் போல முன்னால் இருக்கும் சூடான காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். கதவு இல்லையென்றால் அது முழுக்க நடைமேடைக்குள் கொட்டும். குளிர்வித்த காற்றெல்லாம் வீண். சென்னை வெயிலில் அதன் கரன்ட் பில்லை யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, புகை. 2003 பிப்ரவரி 18-ல் தென்கொரியாவின் டேகு நகர மெட்ரோவில் ஒருவர் ரயிலுக்குத் தீ வைத்தார். எதிரே வந்து நின்ற ரயிலுக்கும் பரவி 192 பேர் இறந்தார்கள். அதற்கு முன் 1987-ல் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மர எஸ்கலேட்டர் தீப்பிடித்து 31 பேர். இப்படியான விபத்துகள் ஒவ்வொன்றும் விதிமுறைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சேர்த்தது. இன்று உலகம் முழுக்கப் பின்பற்றும் என்.எஃப்.பி.ஏ. 130 தரநிலை சொல்வது: நடைமேடையில் இருக்கும் எல்லோரும் நான்கு நிமிடத்துக்குள் அதை விட்டு வெளியேற வேண்டும், ஆறு நிமிடத்துக்குள் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும்.

படிக்கட்டின் அகலம், எண்ணிக்கை, எஸ்கலேட்டர் எங்கே, டிக்கெட் கேட் எத்தனை என்பதெல்லாம் அழகுக்காக முடிவாவதில்லை. இந்த நான்கு நிமிடக் கணக்கிலிருந்து பின்னோக்கி வருவது. அதனால் மெட்ரோ நடைமேடையின் நடுவில், ‘இவ்வளவு இடம் எதுக்கு வேஸ்ட் பண்ணியிருக்காங்க’ என்று தோன்றினால், அது வேஸ்ட் இல்லை. அந்த இடத்தில் நாளை ஒரு ஜூஸ் கடை வைக்க அனுமதி கொடுத்தால் அப்போது கேளுங்கள்.

மயிலத்து மழை இங்கே பெய்தால்?

2024 நவம்பர் 30 இரவை விழுப்புரம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்றுகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் தென் மாவட்ட ரயில்களே நின்றன.

அதே மழை ஒரு சுரங்க நிலையத்தின் மேல் பெய்தால்? நேரடியாக விழும் மழை ஒரு பிரச்சினையே இல்லை. 100 சதுர மீட்டர் திறப்பில் 50 செ.மீ. பெய்தால் 50,000 லிட்டர். நாலைந்து லாரித் தண்ணீர், பம்ப் வைத்து இறைத்துவிடலாம். பயப்பட வேண்டியது சாலையில் ஓடிவரும் தண்ணீருக்கு. சீனாவின் ஜெங்ஜோ நகரில் 2021 ஜூலையில் வெள்ளம் சுரங்கத்துக்குள் புகுந்து, ரயிலில் சிக்கிய 14 பேர் இறந்தது அப்படித்தான்.

சென்னையில் சுரங்க மெட்ரோவுக்குள் இறங்க, முதலில் சில படிகள் ஏற வேண்டியிருக்கும். கவனித்திருக்கிறீர்களா? கீழே போகிற இடத்துக்கு எதற்கு மேலே ஏற வேண்டும் என்று எரிச்சல்கூட வந்திருக்கலாம். அந்த நாலு படிதான் வெள்ளத்துக்குப் போட்ட வரப்பு. சாலையில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கும் மேலே வாசலின் தளத்தை வைக்கிறார்கள். ஆனால் அதே நாலு படி, சக்கர நாற்காலிக்காரருக்கு மலை. அதனால் சாய்தளம் வேண்டும்; சாய்தளத்துக்கு நீளம் வேண்டும்; நீளத்துக்கு நடைபாதையில் இடம் வேண்டும்; அங்கே ஏற்கெனவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு பூக்கடை. நிலைய வடிவமைப்பு என்பது கடைசியில் இப்படியான பஞ்சாயத்துகள்தான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னை மெட்ரோ ஓடியது. ஆனால் பரங்கிமலை நிலையத்தின் வாசலில் இடுப்பளவுக்குத் தண்ணீர் தேங்கி உள்ளே போக முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால் அது சுரங்க நிலையம்கூட இல்லை, உயர்மட்ட நிலையம். ரயில் மேலே பத்திரம். பயணி கீழே தண்ணீரில். வாசலைத் தாண்டி யோசிக்காததன் விலை அது.

கையில் இருந்ததை விட்ட கதை

இப்போது நமது விஷயத்துக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் சென்னை வருபவர்களுக்கு 2015-ல் ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. கோயம்பேடு பேருந்து நிலையத்தின் வாசலிலேயே மெட்ரோ. திறந்த முதல் நாளிலேயே சி.எம்.பி.டி. நிலையமும் அதில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டைக்கூடக் கடக்காமல் ரயில். பிறகு 2018-ல் எழும்பூர் ரயில் பயணிகளுக்கும் அதே வசதி.

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 2024 தொடக்கத்தில் விழுப்புரம் கோட்டப் பேருந்துகளும் அங்கே மாற்றப்பட்டன. நகரத்துக்குள் நெரிசல் குறைய வேண்டும் என்பது நியாயமான காரணம். ஆனால் திறந்த நாளில் அங்கே மெட்ரோவும் இல்லை, ரயில் நிலையமும் இல்லை. ஒன்பது வருஷம் மெட்ரோ வாசலில் இறங்கிக்கொண்டிருந்தவர்களை, மெட்ரோ இல்லாத இடத்தில் இறக்கிவிட்டு, ‘இங்கிருந்து மாநகரப் பேருந்தில் போங்கள்’ என்றார்கள். தாம்பரத்தோடு முடிந்துவிடும் விழுப்புரம் பாசஞ்சர் ரயில்காரர்களுக்கு இந்த அனுபவம் முன்பே பழக்கம்.

விமான நிலையம் – கிளாம்பாக்கம் மெட்ரோ நீட்டிப்பு 15.46 கி.மீ. நீளத்துக்குத் திட்டமாக இருக்கிறது. முழுக்க உயர்மட்டப் பாதை. அது வரட்டும், சீக்கிரம் வரட்டும். ஆனால் வரும்போது மெட்ரோ நிலையம் ஜிஎஸ்டி சாலையின் நடுவிலும், பஸ் பிளாட்ஃபாரம் உள்ளே தள்ளியும் நின்று, நடுவில் ஒரு நடைமேம்பாலம் போட்டு ‘இணைத்துவிட்டோம்’ என்று சொல்லக் கூடாது. விழுப்புரம் பஸ் நிற்கும் இடத்திலிருந்து மெட்ரோ டிக்கெட் கேட் வரை எத்தனை மீட்டர், எத்தனை படி, மழையில் நனையாமல் போக முடியுமா? டெண்டர் விடும் முன்பே இந்த மூன்றையும் எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

வேக ரயிலுக்கும் இதேதான். டெல்லியின் ஆனந்த் விஹாரில் நமோ பாரத் ரயிலுக்காகக் கட்டி, 2025 ஜனவரியில் திறந்த சுரங்க நிலையத்தைப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு மெட்ரோ தடங்கள், வெளிமாநிலப் பேருந்து நிலையம், ரயில் நிலையம் எல்லாம் இருந்தன. புதிய நிலையத்தை அவற்றுக்கு நடுவில் கொண்டுவந்து செருகினார்கள். புறநகரில் காலி இடம் பார்த்து, மேம்பாலத்தில் கட்டியிருந்தால் செலவு பாதிகூட ஆகியிருக்காது. கட்டவில்லை.

சென்னையில் அதற்குச் சமமான இடம் எது? நமது கருத்தில், எழும்பூர் அல்லது கிண்டி வரை வராத வேக ரயில் விழுப்புரத்துக்குப் பாதி ரயில்தான். கிண்டியில் மின்சார ரயிலும் மெட்ரோவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வேலைக்குப் போகும் இளைஞர்களில் பெரும்பகுதி போக வேண்டிய திசையும் அதுதான். எழும்பூரில் 2022-ல் அடிக்கல் நாட்டப்பட்ட ரயில் நிலைய மறுசீரமைப்புப் பணி நடக்கிறது. அடியில் எதிர்கால நிலையத்துக்கு இடம் விட்டு வைக்க வேண்டுமென்றால் அதைச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். மேலே கட்டி முடித்துவிட்டு, பிறகு கீழே தோண்டுவது எவ்வளவு கஷ்டம் என்று சென்ட்ரலைக் கட்டினவர்களைக் கேட்டால் சொல்வார்கள். செலவு கூடும் என்று கிளாம்பாக்கத்தோடு நிறுத்திவிட்டால், விழுப்புரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டு, அங்கிருந்து வேலைக்குப் போக இன்னொரு ஒன்றரை மணி நேரம்.

சாத்தியக்கூறு ஆய்வு என்றால் பாதை எங்கே, நிலையம் எங்கே என்று காகிதத்தில் முடிவாகும் கட்டம். அப்போது கேட்காத கேள்வியை, டி-வால் இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. விழுப்புரம், திண்டிவனம் எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.யும் ‘எங்க ஊருக்கு ஸ்டாப்பிங் வேணும்’ என்று கேட்பார்கள்; அது நல்லது. கூடவே, சென்னை முனையில் எந்த நிலையம், மெட்ரோ நடைமேடைக்கு எத்தனை நிமிட நடை என்பதையும் சட்டமன்றத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கட்டும்.